இரண்டாம் பாட்டில்

மச்சான்,

யாரும் நம்பாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்று கோவளத்துக் கடல்மீது ஆணையிட்டுத் தொடங்குகிறேன். நீ இருந்திருந்தால் இந்நேரம், “ஆரம்பிச்சிட்டியா?” என்றிருப்பாய்.

இன்று காலை முட்டுக்காட்டுப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. உப்பங்கழியின் சேற்று நாற்றம் ஜன்னல் வழியே ஏறியது. எல்லோரும் முகம் சுளித்தார்கள். எனக்கோ உயிர் வந்தது. நாறுகிற தண்ணீரில் நண்டு இருக்கும், இறால் இருக்கும், கொசுவாவது இருக்கும். உடனே அந்த நாறாத ஆறு நினைவுக்கு வந்தது.

கேளம்பாக்கத்து லேபிலிருந்து நாம் இருவரும் ரயிலேறி, வடக்கே அந்த நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனோம். ஆற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கும் வேலை. நீ கெமிஸ்ட், நான் பாட்டில் தூக்கும் மகாராஜா. சுரங்கத்துக்கு மேலே ஒரு பாட்டில் எடுத்தாயிற்று. சுரங்கத்துத் தண்ணீர் கலக்கும் இடத்துக்குக் கீழே இரண்டாவது.

ஆறு தார்போலக் கறுத்திருந்தது, எருமையை இறக்கினால் எலும்புதான் கரையேறும் என்று ஊரில் அளந்துவிட்டேன். பொய். கண்ணாடிபோல இருந்தது. தாகத்தில் கையால் அள்ளினேன்.

“டேய், கீழ வுடு! வாயில வெக்காத!”

“இன்னா மச்சான், இம்மாஞ் சுத்தமா கீது?”

“அதான்டா பயமா கீது. ஒரு பாசி கீதா? ஒரு தவள கீதா? பாரு.”

பார்த்தேன். கல்லெல்லாம் துருநிறம். மீட்டரை முக்கினாய், ஏழுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய எண் மூன்றுக்கு இறங்கியது. அமிலம். சற்றுத் தள்ளி ஒரு பெண் அதே தண்ணீரில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“இந்த பாட்டில் லேபுக்குப் போனாதான் அவங்களுக்கு வேற தண்ணி கெடைக்கும். உசுராட்டம் பாத்துக்க” என்று என்னிடம் கொடுத்துவிட்டு, ஊரில் கிணறு உண்டா என்று கேட்க அவள் பின்னால் போனாய்.

அதன் பிறகு நடந்ததை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். நாற்பது அடியாட்கள், கையில் அரிவாள். நான் ஜீப்பின் மேல் தாவி, பாட்டிலைப் பல்லில் கவ்வி, பத்திரமாக லேபில் சேர்த்தேன். நீகூட வயிறு வலிக்கச் சிரித்தாய்.

ரிப்போர்ட் வந்ததும் சிரிப்பு நின்றது. இரண்டாம் பாட்டில் தண்ணீரில் குறை ஒன்றும் இல்லை என்றிருந்தது. அந்த ஊருக்கு வேறு தண்ணீரும் வரவில்லை. பல வருஷம் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கடைசியாகக் கேட்டதும் அதைத்தான்: “மீட்டர நான்தான் தப்பா செட் பண்ணிட்டனா மச்சான்?”

“வுடு, பழைய கத” என்றேன்.

நாற்பது பேர் இல்லை மச்சான். சுரங்கத்து ஆள் ஒரே ஒருவன். அரிவாளும் இல்லை, பல்லிடுக்கில் ஒரு குச்சி. தன் ஜீப்பில் சாய்ந்தபடி என் பெயரைக் கேட்டான். ஊரைக் கேட்டான். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டான். என் அரைகுறை இந்தியில் இரண்டு என்றேன். பிறகு பாட்டிலைப் பார்த்து, ஜீப்பிலிருந்த குடிதண்ணீர்க் கேனை எடுத்து நீட்டினான். அவன் என்னைத் தொடக்கூட இல்லை. மூடியைத் திறந்ததும் கொட்டியதும் நிரப்பியதும் என் கைகள்தான்.

இன்றும் பஸ்ஸில் யாராவது சும்மா, “பசங்க எத்தினி பேரு?” என்று கேட்டால் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுகிறேன்.

உன் மீட்டர் சரியாகத்தான் காட்டியது. என் வீரக்கதையில் ஒரு சின்னப் பகுதி மட்டும் நிஜம்: பாட்டில் பத்திரமாக வந்து சேர்ந்தது. உள்ளே இருந்தது அந்த ஆறு இல்லை.