மரகதம் விழுந்த இடத்தில் கல் நட வேண்டாம்

அனுப்புநர்
பாண்டுரங்கன், வயது 71,
த/பெ. காலஞ்சென்ற கோவிந்தசாமி,
நாவலேரிக் கண்டிகை, பென்னலூர் வழி,
ஸ்ரீபெரும்புதூர் வட்டம்.

பெறுநர்
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
ஸ்ரீபெரும்புதூர்.

பொருள்: ஏரிக்கரைப் புறம்போக்கில் என் மகள் மரகதம் பாம்பு கடித்து விழுந்த இடத்தில் சாமி கல் நடுவதை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எழுதப் படிக்க அறியாதவன். நான் சொல்லச் சொல்ல இது எழுதப்படுகிறது. எழுதுபவர் பொருள் வரியில் முதலில் 'தெய்வச் செயலாக' என்று போட்டார். அடிக்கச் சொன்னேன். மேலே அடித்திருப்பது அதனால்தான். பிழையுள்ள மனு என்று தள்ளிவிட வேண்டாம்.

2. எங்கள் ஊரில் கரும்பருந்து கோழிக்குஞ்சைத் தூக்கினால் கல்லெடுத்து எறிவோம். வெள்ளைக் கழுத்துக் கருடன் தூக்கினால் குஞ்சுக்காரியே கன்னத்தில் போட்டுக்கொள்வாள். கடந்த புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை, கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிவிட்டுக் கூழ் குடிக்க நாங்கள் ஏரிக்கரை ஏறி உட்கார்ந்தோம். கரைப் புதரிலிருந்து கருடன் பாம்போடு எழும்பித் தலைக்கு மேல் வந்தது. பெருமாளுக்குரிய நாளில் அப்படிக் காண்பது பெரும்பேறு என்பார்கள். "கோவிந்தா" என்று எல்லாரும் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மரகதமும் மூடினாள். என் இரண்டு கையிலும் கூழ்ச்சட்டி இருந்ததால் நான் கன்னத்தில் போடவில்லை, கண்ணையும் மூடவில்லை. உயிரோடிருந்த பாம்பு நழுவி அவள் மடியில் விழுந்தது. என்னவோ என்று கையால் தட்டினாள். மணிக்கட்டில் கடித்தது. அது முழ நீளச் சுருட்டை விரியன்.

3. பறவையின் மேல் எனக்குப் புகார் இல்லை. பசிக்குப் பிடித்தது, பிடி தவறிவிட்டது.

4. செங்கல் சூளை டிராக்டர் ஓட்டும் சாம்சன் அவ்வழியே வந்தவர், "ஏத்து பெரியவரே, ஆஸ்பத்திரில வுட்டுட்றேன்" என்று நிறுத்தினார். நாட்டாண்மை நரசிம்மன் குறுக்கே நின்றார். "கருடன் கால் பட்ட பாம்புக்கு வெஷம் ஏது மாமா? பெருமாளே உன் பொண்ணு மடில பிரசாதம் போட்டுகீறாரு, நீ ஊசி போட இட்டுகினு போறியே" என்றார். ஊரே வண்டியை மறித்து நிற்க, சாம்சன் என்ன செய்வார். பெண்கள் ஆரத்தி கரைத்தார்கள். பாம்பை அடிக்கவும் விடாமல், கற்பூரம் காட்டிப் புற்றில் விட்டார்கள். "வுடுப்பா, வலி கம்மியாத்தான் கீது. ஊரே சொல்றாங்க இல்ல" என்றாள் மரகதமும்.

5. மாலையில் அவள் ஈறில் இரத்தம் கசிந்தது. "வெத்தல போட்டாப்பல வாய் செவந்துகீது பாரு, அம்மன் எறங்கிட்டா" என்று எதிர்வீட்டுச் செங்கமலம் அவளுக்கு மஞ்சள் பூசினாள். செங்கமலம் கெட்டவள் அல்ல. தாயில்லாத என் மகளுக்குத் தலைவாரி விட்டு வளர்த்தவள். மறுநாள் உச்சிப்பொழுதுக்கு முன் மகள் போய்விட்டாள். சாமியானவளுக்கு அழக்கூடாது என்று என்னையும் அழவிடவில்லை.

6. இப்போது ஏரிக்கரையில் அவளைக் கடித்த இடத்தில் செங்கல் அடுக்கி, அவள் கட்டியிருந்த கிளிப்பச்சைச் சேலையைச் சுற்றி, 'கருடவல்லி' என்று கும்பிடுகிறார்கள். சென்ற வாரம் பக்கத்து ஊர் மாரி என்பவரை வயலில் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவரை பஸ்ஸிலிருந்து இறக்கி இங்கே கொண்டுவந்து கிடத்தினார்கள். கடித்தது தண்ணீர்ப்பாம்பு, பிழைத்தார். அன்றிலிருந்து கூட்டம் கூடிவிட்டது. அடுத்து வருகிறவரைக் கடித்தது விரியனாக இருந்தால், அவர் என் மகள் பேரால் சாவார்.

7. வரும் வெள்ளிக்கிழமை கல் நடுகிறார்கள். அதற்குமுன் தாங்கள் நேரில் வந்து நிறுத்தி, அங்கே ஒரு பலகை வைக்க வேண்டுகிறேன். 'மரகதம் பாம்பு கடித்து, வைத்தியம் இல்லாமல் செத்தாள். கடிபட்டவரை இங்கே கொண்டுவராதீர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்' என்றிருந்தால் போதும். எனக்குப் படிக்க வராது, வருகிறவர்கள் படிப்பார்கள். சேலையை மட்டும் என்னிடம் தரச் சொல்லுங்கள்.

8. கருடன் இன்றும் ஏரிக்கு மேல் சுற்றுகிறது. ஊர் கண்ணை மூடுகிறது. நான் மட்டும் அண்ணாந்து, அதன் காலில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

படித்துக் காட்டக் கேட்டு, நான் சொன்னபடியே இருப்பதால் ரேகை வைத்தேன்.

இடம்: ஸ்ரீபெரும்புதூர்
நாள்: 21.10.1991

பாண்டுரங்கன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)