பின்பக்கம் நான் மாட்டுகிறேன்

மார்ச் 4, செவ்வாய்

தரகரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். முதுகில் ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதமாக வாசலைத் தாண்டாத என் வீட்டுக்காரர், படுத்தபடியே போன் போட்டுக் காரை விற்க ஆளை வரவழைத்திருக்கிறார். மூன்று வருடம் உயிரைக் கொடுத்துப் புதுப்பித்த பழைய கார். என்ஜின் ஓடுகிறது, பெயிண்ட் முடிந்தாயிற்று. குலுக்கலைத் தாங்கும் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளை மாட்டுவதுதான் பாக்கி. அதற்குள் முதுகு போய்விட்டது. பின்சக்கரம் இல்லாமல் ஷெட்டில் தாங்கி மேல் நிற்கிறது வண்டி.

"நான் மாட்டறேன். ஒரு மாசம் குடுங்க" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோபமா? இல்லை, பயம். டாக்டர் நடக்கச் சொல்லி எத்தனை வாரமாகிறது! ஒரு குலுக்கல் பட்டாலும் மறுபடி படுக்கைதான் என்று நினைக்கிறார்.

மார்ச் 9, ஞாயிறு

இடது பட்டை ஏறிவிட்டது. பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க அடுத்தவருக்கு ரத்தம் எடுக்கிற கை; இன்று என் ரத்தமே வந்தது. பட்டையின் முன்முனை சமர்த்தாகப் பொருந்தியது. பின்முனை மூன்று மணி நேரம் தண்ணி காட்டியது. ஜாக்கியை மயிரிழை மயிரிழையாக ஏற்றி — உட்கார்ந்தது.

மார்ச் 11, செவ்வாய்

எனக்கு முதுகு வலி. அவரிடம் மூச்சு விடவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

வலதும் முடிந்தது. எல்லா போல்ட்டையும் பல்லைக் கடித்து இறுக்கினேன். சாப்பாடு வைக்கும்போது பெருமை பீற்றிக்கொண்டேன். இறுக்கும்போது பாரம் சக்கரத்தில் இருந்ததா, பின்பக்கம் அந்தரத்தில் தொங்கியதா என்று மட்டும் கேட்டார்.

அந்தரத்தில்தான்.

"அப்ப வண்டி எறங்கினதும் பட்டை முனைக்குள்ள இருக்கற ரப்பர் புஷ்ஷெல்லாம் முறுக்கிக்கிட்டுக் கிழிஞ்சிரும். எல்லாத்தையும் தளர்த்து."

படுத்த எடத்துலயிருந்து தப்பு மட்டும் கண்டுபிடிக்கத் தெரியுதே, எந்திரிச்சு வந்து பாத்தா என்ன — கேட்டேவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ? தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

மார்ச் 17, திங்கள்

வேலையிலிருந்து வந்ததும் அடியில் படுத்துத் தளர்த்திக்கொண்டிருந்தேன். திரும்பினால் இரண்டு செருப்புக் கால், பக்கத்தில் ஊன்றுகோல். அடுத்த போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினேன். ஏதாவது சொல்லப்போய்த் திரும்பிப் போய்விட்டால்?

"டார்ச்சக் குடு. நான் பிடிக்கறேன்."

மார்ச் 23, ஞாயிறு

சக்கரம் மாட்டி, அடியில் கட்டை கொடுத்து வண்டியை இறக்கினோம். ஆம், இறக்கினோம். ஸ்டூலில் உட்கார்ந்து அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, வண்டியின் பாரத்தோடு மறுபடி இறுக்கினேன். இரண்டு பக்க உயரமும் அளந்தார். ஒரு நூல்கூட வித்தியாசமில்லை.

மார்ச் 25, செவ்வாய்

தரகர் போன் செய்தார். விற்பதாக இல்லை என்று இவரே சொல்லிவிட்டார்.

மார்ச் 30, ஞாயிறு

நான் ஓட்டினேன். பக்கத்தில் அவர், முதுகுக்குத் தலையணை. தெருமுனை வேகத்தடையைப் பார்த்ததும் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஊர்ந்துதான் ஏற்றினேன். முன்சக்கரம் இறங்கியது, பிறகு பின்சக்கரம். பின்பக்கம் மெல்ல அமுங்கி எழுந்தது. ஒரு சத்தமில்லை.

கொஞ்ச தூரம் போன பிறகு கண்ணைத் திறந்தார்.

"இன்னொரு தடவ அது மேல போ" என்றார்.

வண்டியைத் திருப்பினேன்.