சேற்றை அள்ளுவதற்குள்

என் வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், லாரித் தண்ணீர் வருகிறவரை சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், பார்த்த உடனே பதில் போடு.

வழக்கு கைநழுவிப் போகிறது. தெருக் கிணற்றில் குரோமியம் இருப்பதை யாரும் மறுக்கவில்லை, தீர்ப்புவரை தோல் ஆலைதான் லாரியில் தண்ணீர் தரவேண்டும் என்றும் நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஆனால் அந்த விஷம் ஆலையிலிருந்துதான் வந்தது என்று காட்டுவது நம் பாடு. போன மாதம் ஆலைக் குழாயில் கழிவு பச்சையாக வந்ததும் பாட்டிலில் பிடித்து நான் வேலை பார்க்கிற ஆய்வகத்துக்கு ஓடினேனே, அது செல்லாதாம். முன்னறிவிப்பு கொடுத்து, அவர்கள் ஆள் முன்னால் எடுத்து, இரண்டாகப் பிரித்து முத்திரை வைத்திருக்க வேண்டுமாம். சார் வீட்டுலயே கலக்கி எடுத்துட்டு வந்தாரோ என்னவோ என்று அவர்கள் வக்கீல் சிரித்தார். உங்களுக்கு எதுலதான் பொறுமை இருந்துது, கல்யாணத்துலயே இல்லையே என்று அம்மா அன்று முழுக்கக் குத்திக்கொண்டிருந்தாள்.

சரி, சட்டப்படியே போவோம் என்று இந்த முறை முன்னறிவிப்பு கொடுத்தேன். குழாயைக் கழுவிவிடலாம், அதன் கீழே ஓடையில் வருஷக்கணக்காகப் படிந்த சேற்றைக் கழுவ முடியாது, வெள்ளிக்கிழமை அதை எடுத்துச் சோதிக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தேன். இன்று காலை ஓடைக்கரையில் பொக்லைன் நிற்கிறது. ஆலைக்காரர்கள் ஊர்ச் சேவையாகத் தூர் வாருகிறார்களாம். எதிர்வீட்டுத் தையல்காரர் டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுக்கிறார். அண்ணே, நம்ம சாட்சியையே அள்ளிட்டுப் போறாங்க என்றேன். கொசு ஒழியுதுல்ல தம்பி, உன் மிஷினுக்குத் தெரியற விஷம் என் நாக்குக்குத் தெரியலையே என்கிறார். அவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. வழக்கு தள்ளுபடியானால் லாரி மறுநாளே நின்றுவிடும், அப்புறம் அந்தக் கிணற்றைத்தான் இறைப்பார்கள். ஒரு வாளிச் சேற்றை நானே அள்ளி வைக்கக் கை பரபரக்கிறது, தனியாக அள்ளினால் அதுவும் செல்லாது.

உன்னைவிடப் பத்தொன்பது வயதுதான் மூத்தவன், அண்ணன் என்று நினைத்து வேண்டுமானாலும் திட்டிக்கொள், ஆனால் உன் சட்டக் கல்லூரி ஆசிரியையிடம் இன்றே கேள். தூர் வாருவதை நிறுத்த அவசரத் தடை வாங்க முடியுமா, யாரிடம் கேட்க வேண்டும், எப்படி எழுத வேண்டும். நம் வக்கீல் திங்கட்கிழமை பார்ப்போம் என்கிறார். திங்கட்கிழமை அங்கே பள்ளம்தான் இருக்கும். உன் பதில் வரும்வரை பொக்லைன் முன்னால் போய் உட்காரப்போகிறேன், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நீ நன்றாகப் படித்துக் கறுப்புக் கோட்டுப் போட வேண்டும், என்னைப் போல அவசரப்படாத ஆளாக வர வேண்டும். இன்னொன்று, அம்மா லாரித் தண்ணீரில் ஒரு கேன் நிரப்பி, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, பிள்ளை லீவுக்கு வந்தா குடிக்கட்டும் என்று கட்டிலடியில் வைத்திருக்கிறாள். என்னைத் தொடவிடுவதில்லை. நீ வருவதற்குள் அது கெட்டுப்போகும். யாரிடமும் எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவன், இதை மட்டும் அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் அப்பா