வெள்ளைக் கைப்பட்டை

கப்பலில் இரண்டாம் நாள், காலை

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

எட்டு அறை தள்ளிப் படுத்திருக்கிறவர்களுக்குப் போய்க் கடிதம் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். நேரில் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் கண்ணைத் திறக்காமலே, "நீ பேசுறது எப்பவும் பாதிதான் கேக்கும், இப்ப அதுவும் தலையைச் சுத்துது, எழுதிக் குடு போ" என்றீர்கள். அதனால் எழுதுகிறேன். உங்கள் கதவுக்குப் பக்கத்தில், தினமும் நிகழ்ச்சித் தாளைச் செருகிவிட்டுப் போகிற கிளிப்பில் இதை வைக்கிறேன். பெரியப்பா எடுத்துத் தருவார், சாப்பாட்டுக் கூடத்திலிருந்து அறைக்குத் திரும்பினால்.

பாப்பா நேற்று மாலை என்ன செய்தாள் என்று கேட்டீர்கள். உங்கள் மகளுக்குப் பதினெட்டு முடிந்தும் நாமெல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். இங்கே அவள் அந்தப் பெயரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

பதினோராம் தளத்தில் இளைஞர் கூடம் என்று ஒன்று இருக்கிறது. பதினெட்டு முதல் இருபத்துநான்கு வயது வரைக்கும்தான் அனுமதி. சாப்பாடு முடிந்ததும் பெற்றோர்கள் பாட்டுக் கச்சேரிக்குப் போகிறார்கள், இவர்கள் இங்கே வருகிறார்கள். வாசலில் கைப்பட்டையைப் பார்க்கிறார்கள். பச்சை என்றால் உறுப்பினர். என்னுடையது வெள்ளை. வெள்ளை என்றால் துணைக்கு வந்தவர் என்று பொருளாம். சுவரோர நாற்காலியில் உட்காரலாம், விளையாட்டில் சேரக் கூடாது. வெள்ளைப் பட்டையோடு என்னைத் தவிர இன்னும் இரண்டு பேர் உண்டு. ஒருவர், சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண்ணின் செவிலி. இன்னொருவர் யாருக்கோ அப்பா. வந்த ஐந்தாம் நிமிடம் தூங்கிவிட்டார்.

கூடத்தை நடத்துகிற பெண்ணின் கழுத்தில் விசில் தொங்குகிறது. ஊதினால் எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும். ஆளுக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும், அதில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும், மற்றவர்கள் எது பொய் என்று கண்டுபிடிக்க வேண்டும். நம் பாப்பா எழுந்து நின்று, "எனக்கு நாலு மொழி தெரியும், நான் குதிரை ஓட்டுவேன், எங்கம்மாவுக்குக் கடல்னா உயிரு" என்றாள். மூன்றுமே பொய். யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கைதட்டினார்கள்.

எலுமிச்சைச் சாறு இரண்டு கோப்பை குடித்தாள். பத்தரைக்கு அறைக்கு வந்துவிட்டோம்.

கிளம்புகிற அன்று எனக்கு வந்த வேலைக் கடிதத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. பெட்டியில்தான் வைத்திருக்கிறேன். ஒன்றாம் தேதி சேரச் சொல்லியிருக்கிறார்கள். தலைச்சுற்றல் குறைந்ததும் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை மகள்

*

இரண்டாம் நாள், சாயங்காலம்

கண்ணு,

நிகழ்ச்சித் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். வேறு தாள் இல்லை. ஒரு ரொட்டித் துண்டு தின்றேன், அது உள்ளே தங்குமா என்று இன்னும் தெரியவில்லை. உன் பெரியப்பா வயிற்றுக்கு மட்டும் இந்தக் கப்பல் ஒத்துக்கொள்கிறது.

உன் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. படிக்கும்போது நானே அங்கே உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. உன் அம்மா கொடுத்து வைத்தவள். அவளும் நானும் எட்டாவதைத் தாண்டவில்லை, உன்னை மட்டும் பட்டம் வரைக்கும் படிக்கவைத்துவிட்டாள். நம் வீட்டில் எல்லாருக்கும் பேங்க், பாஸ்போர்ட், ஆஸ்பத்திரி என்று எந்தப் படிவம் வந்தாலும் நீதானே நிரப்புகிறாய்.

மூன்று பொய் சொன்னாளா? அப்படியே அவள் அப்பா.

ஆமாம், ஒரு நெட்டையனோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள் என்று உன் பெரியப்பா சொல்கிறார். அவன் யார், யாரோடு வந்திருக்கிறான், என்ன படிக்கிறான், விசாரித்து எழுது.

இன்னொன்று. பாப்பா சேரப்போகிற கல்லூரி எட்டு மணி நேரப் பயணம். விடுதி அவளுக்குச் சரிப்படாது. ஒரு சின்ன வீடு பிடித்து உன்னையும் அவளோடு வைப்பது என்று நானும் பெரியப்பாவும் பேசி முடித்துவிட்டோம். மூன்று வருஷம்தானே. உனக்கு ஒரு குறையும் வராது. வேலை எங்கே ஓடிவிடப்போகிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம். உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கப்பலில் நீ அவளைப் பார்த்துக்கொள்கிற அழகைக் கண்டுதான் எனக்கு இந்த யோசனையே வந்தது.

தலை சுற்றுகிறது, நிறுத்துகிறேன்.

பெரியம்மா

*

மூன்றாம் நாள், காலை

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

ரொட்டி தங்கியதா? மருந்தகத்தில் மாத்திரைகள் கொடுத்தார்கள், இதோடு மடித்து வைத்திருக்கிறேன். சாப்பிட்ட பிறகு ஒன்று.

நேற்றுக் கூடத்தில் நடனம். ஆனால் பாட்டு கிடையாது. ஆளுக்கொரு ஹெட்போன் கொடுத்துவிடுகிறார்கள். அதில் சின்ன விளக்கு எரிகிறது. நீலம் என்றால் ஒரு பாட்டு, சிவப்பு என்றால் வேறு பாட்டு. வெள்ளைப் பட்டைக்கு ஹெட்போன் இல்லை. அதனால் எனக்குக் கேட்டதெல்லாம் முப்பது நாற்பது ஜோடிக் காலணிகள் தரையில் உரசுகிற சத்தமும், நடுநடுவே யாராவது தன்னை மறந்து ஒரு வரியைச் சத்தமாகப் பாடிவிடுவதும்தான். பெரும்பாலும் சுருதி சேரவில்லை. நீல விளக்குக்காரர்கள் குதிக்கும்போது சிவப்பு விளக்குக்காரர்கள் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தார்கள். தூங்குகிற அப்பா நேற்றும் வந்து தூங்கினார். சத்தமே இல்லாத கூடம் அவருக்கு வசதியாக இருந்தது.

பாப்பா முதலில் நீலம், பிறகு சிவப்பு. நன்றாக ஆடுகிறாள்.

நெட்டையன் கால்நடை மருத்துவம் படிக்கிறான். தாத்தா, அப்பா, சித்தப்பா என்று பதினோரு பேரோடு வந்திருக்கிறான். ஆட்டம் முடிந்து எல்லாரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, "மாட்டு வயித்துல நாலு அறை இருக்கு, தெரியுமா?" என்று ஆரம்பித்தான். "எங்கப்பாவுக்கும்தான்" என்றாள் பாப்பா. பெரியப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

பிறகு அவன் சுவர்ப் பக்கம் வந்து, "நீங்க அவங்களோட அம்மாங்களா?" என்று என்னிடம் கேட்டான்.

"அக்கா."

"இல்ல, டிவி பாக்குற மாதிரி பாத்துக்கிட்டே இருக்கீங்களே, அதான்."

கேலி செய்கிற முகமாகத் தெரியவில்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்டான்.

வீடு பிடிப்பது பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை மகள்

*

நான்காம் நாள், மதியம்

கண்ணு,

மாத்திரைக்குக் கொஞ்சம் கேட்கிறது. எழுந்து உட்கார்ந்து சூப் குடித்தேன்.

நீ முழுசாக எழுதுவதில்லை என்று நினைக்கிறேன். நேற்று நீங்கள் அறைக்கு வந்தது பதினொன்றேகால். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன், நடையில் பாப்பா சிரிப்பதும் கேட்டது. காலையில் நீ ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா? உன்னை நம்பித்தானே அவளை அனுப்புகிறேன். அந்த மாட்டு டாக்டர் என்ன கேட்டான், இவள் என்ன சொன்னாள் என்று ஒன்று விடாமல் எழுது. அவளுக்கு வெளுத்ததெல்லாம் பால். நீ அப்படியில்லை, சின்ன வயசிலிருந்தே பொறுப்பு.

பெரியப்பாவின் தோல்பையில் கல்லூரிப் படிவம் இருக்கிறது. கரை சேர்ந்ததும் அனுப்ப வேண்டும். கடைசிப் பக்கத்தில் உடன் தங்குகிறவர் பெயர் கேட்டிருக்கிறார்களாம். அதில் உன் பெயரை எழுதிவிடு. மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். எங்கே கையெழுத்து என்று மட்டும் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடு, வழக்கம்போல.

பெரியம்மா

*

ஐந்தாம் நாள், மதியம் இரண்டு மணி

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இதைக் கிளிப்பில் வைக்கவில்லை, கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

பதினொன்றேகால் ஆனதற்குக் காரணம் பாப்பா இல்லை, நான். அன்றும் அதே சத்தமில்லாத நடனம்தான். முடிந்து எல்லாரும் ஹெட்போன்களைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாப்பா தன்னுடையதைப் போடாமல் சுவர்ப் பக்கம் வந்து என் தலையில் மாட்டிவிட்டாள். "ஒரே ஒரு பாட்டுக்கா. செத்தா போயிடுவே?" என்றாள். நான் எழுந்து ஆடவில்லை. உட்கார்ந்தே கேட்டேன். எனக்குத் தெரிந்த பாட்டு இல்லை. ஆனாலும் அதுவரை பார்த்த அத்தனை கால்களும் எதற்காக அப்படிப் போயின என்று அப்போதுதான் புரிந்தது.

விசில் பெண் பார்த்துவிட்டாள். "வெள்ளைப் பட்டைக்குக் குடுக்கக் கூடாதுங்க" என்றாள். கோபம் இல்லை, விதியைச் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வயசு?" என்றாள்.

"இருபத்திரண்டு."

"அப்ப உங்களுக்குப் பச்சைதானே வரணும்! யாரு வெள்ளைன்னு எழுதுனது?"

"நான்தான்."

அவள் சிரித்துவிட்டாள். "உங்க படிவத்துல நீங்களேவா?" என்றாள்.

கப்பல் ஏறுகிற இடத்தில் நம் எல்லாருடைய படிவத்தையும் தரையில் குந்தி மடியில் வைத்து நிரப்பினேன், நினைவிருக்கிறதா? என்னுடையது கடைசி. எந்த வகையில் வருகிறீர்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. இளைஞர் என்று ஒன்று, துணை என்று ஒன்று. நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு, எனக்கு என்ன போடுவது என்று உங்களைக் கேட்டேன். "பாப்பாவுக்குத் துணைன்னு போடு" என்றீர்கள். நீங்கள் படிவத்தைப் பார்க்கவில்லை, பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். அப்படி இரண்டு கட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இருந்தும் நீங்கள் சொன்னதில் டிக் போட்டேன். இதில் உங்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பேனா என் கையில்தான் இருந்தது.

கிளிப் விஷயம் இதுதான். அது திறந்த கிளிப். உங்கள் கைக்கு வருவதற்கு முன்னாலேயே என் இரண்டு கடிதங்களையும் பாப்பா படித்திருக்கிறாள். நேற்று இரவு விளக்கை அணைத்த பிறகு சொன்னாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன்.

"நல்லாத்தான்கா எழுதியிருக்கே. நான்கூட அவ்வளவு சுவாரசியமான ஆளு இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்த ரூம்ல நீ என்ன பண்ணேன்னு ஒரு வரிகூடக் காணோமே" என்றாள்.

"எனக்கு அங்க ஒண்ணும் நடக்கலியே."

"அதைத்தான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மாட்டு டாக்டர் என்ன கேட்டான், இவள் என்ன சொன்னாள் என்பதை இனி நான் எழுதப்போவதில்லை. கவலைப்படுகிற மாதிரி எதுவும் இல்லை. அதற்கு மேல் தெரிய வேண்டுமென்றால் பாப்பாவையே கேளுங்கள். மூன்று சொல்வாள், எது பொய் என்று நீங்கள் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். உங்களால் முடியும்.

கல்லூரிப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஏழு பக்கமும் நிரப்பிவிட்டேன். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சில் புள்ளி இருக்கிறது. உடன் தங்குகிறவர் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அதில் என் பெயரை எழுத முடியவில்லை, பெரியம்மா. ஒன்றாம் தேதி நான் வேலையில் சேர்கிறேன். அம்மாவுக்குத் தெரியும். கடிதம் வந்த அன்று அதைத் தையல் மெஷின் மேல் விரித்துவைத்து, ஓர் எழுத்தும் விடாமல் என்னை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் விடுதி கொடுப்பார்கள் என்று அடிக்குறிப்பில் போட்டிருக்கிறது. பாப்பாவுக்கு விடுதிதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த வார்த்தைகளை நேரில் சொல்லியிருந்தால் உங்களுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். மீதிப் பாதியை நானே விழுங்கியிருப்பேன்.

இன்றுதான் கடைசி மாலை. கூடத்துக்காரர்கள் எல்லாரும் மேல் தளத்தில், திறந்த வெளியில் கூடுகிறார்கள். இன்று பாட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போடுவார்களாம். அங்கே சுவர் இல்லை, அதனால் நாற்காலியும் இல்லை, வெள்ளைப் பட்டைக்கு அனுமதியும் இல்லை. பாப்பா எப்படியும் போவாள். என்ன உடுத்துவது என்று இப்போதே கட்டில் முழுவதும் பரப்பிவைத்திருக்கிறாள்.

கல்லூரிப் படிவத்துக்குக் கீழே இன்னொரு தாள் இருக்கிறது. ஒரு பக்கம்தான். கைப்பட்டையை மாற்றித் தரச் சொல்கிற படிவம். பயணத்தைப் பதிவு செய்தவர் கையெழுத்துப் போட வேண்டுமாம், அது நீங்கள். மற்றதெல்லாம் நிரப்பிவிட்டேன். வகை என்ற இடத்தில் இந்தத் தடவை யாரையும் கேட்காமல் டிக் போட்டிருக்கிறேன். ஐந்தாம் தளத்து அலுவலகம் ஆறு மணி வரை திறந்திருக்கும். நீங்கள் எழுந்திருக்கக்கூட வேண்டாம், படுத்தபடியே போடலாம். பேனாவைக் கதவுப் பக்கத்துக் கிளிப்பில் செருகியிருக்கிறேன்.

கல்லூரிப் படிவத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், பெரியம்மா. ஆறு மணிக்குள் இந்த ஒரு தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா?

உங்கள் தங்கை மகள்