சூடம் அணைத்த கை

அக்கா,

சுங்கைப் பட்டாணிக் கோயிலில் நேற்று சூடத்தட்டு என் முன்னால் வந்தது. எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் வழக்கம்போல் கையை நீட்டவில்லை. அந்த வாசனை வந்தாலே உங்கள் உள்ளங்கைதான் நினைவுக்கு வருகிறது.

ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பிள்ளைகள் நாங்கள். பால்மரம் வெட்டுகிறவர்கள் எவ்வளவு மூத்தவர்களானாலும் 'நீ' என்றுதான் கூப்பிடுவோம். உங்களை அக்கா என்பதே இந்த மடலில்தான். அந்த 'நீ'யை யாரும் கெட்ட பேச்சு என்று சொன்னதில்லை. உங்கள் வாய்தான் கெட்ட வாய். நீங்கள் பைப்படியில் நின்று ஆரம்பித்தால் அம்மா சன்னலை அறைந்து சாத்துவார்.

ஜப்பான்காரன் காலத்தில் அந்தச் சத்தம் அதிகமானது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லாரி வரும்போதெல்லாம் நீங்கள் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை பிடிப்பீர்கள். உங்கள் குரல் கேட்டதும் கூலி வீடுகள் இருந்த லயத்து ஆண்கள் மரவள்ளிக் கொல்லை வழியாகக் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். சிப்பாய்களுக்கு அது வெறும் குழாயடிச் சண்டை. எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான். அது எச்சரிக்கை என்று எங்களிடம் சொன்னால் விஷயம் ஆபீசுக்குப் போய்விடும் என்று லயத்தில் பயம்.

பிள்ளைகள் காது கெடுகிறது என்று அம்மா பிடிவாதம் பிடித்தார். நீங்கள் அடங்காவிட்டால் பங்கீட்டு அரிசி கிடையாது என்று அப்பாவைச் சொல்ல வைத்தார். இனி கெட்ட வார்த்தை பேசுவதில்லை என்று மாரியம்மன் முன்னால், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தீர்கள்.

அடுத்த முறை லாரி வந்தபோது நான் வேலியோரம் நின்றிருந்தேன். பக்கத்துத் தோட்டத்துக் கிராணியும் அதில் உட்கார்ந்திருந்தார். கிராணி, கூலி என்ற கணக்கெல்லாம் முடிந்துபோயிருந்தது. அப்பா கொல்லையில் ஆட்களோடு இருந்தார். நீங்கள் பைப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றீர்கள். பிறகு கையை எடுத்தீர்கள். அதுவரை நான் கேட்டிராத ஒரு வார்த்தை தோட்டம் முழுக்கக் கேட்டது.

ஆட்கள் அப்பாவையும் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். உங்கள் வீட்டுக்காரர் மட்டும் உங்களை நோக்கி ஓடி வந்தார். "வேணாம் புள்ள, சூடத்த அணச்சிருக்க" என்று உங்கள் வாயைப் பொத்தினார். சிப்பாய்கள் அவரை அங்கேயே பிடித்து லாரியில் ஏற்றினார்கள்.

சாயங்காலம் அப்பா திரும்பி வந்தார். "அவ வாயத் தொறக்கலன்னா நான் இந்நேரம் அந்த லாரியிலதான்" என்றார். அம்மா அரிசியை மட்டும் என்னிடம் கொடுத்தனுப்பினார். அதை முறத்தில் வாங்கிக்கொண்டு, "வாக்கு தப்புனேன் பாப்பா. ஆத்தா ஆள எடுத்துக்கிட்டா" என்றீர்கள்.

ஜப்பான்காரன் சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அவர் வரவில்லை. அதன்பிறகு நீங்கள் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. திருந்திவிட்டாள் என்று கிராணி வீடுகளில் உங்களை மெச்சினார்கள். தப்பு உங்கள் வாயில் இல்லை, அந்தச் சத்தியத்தை வாங்கியவர்களிடம்தான் என்று, சிடாம் கிரியில் மகள் வீட்டில் நீங்கள் கண் மூடும்வரை எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் வந்து சொல்லவில்லை. அம்மா சொல்லியிருக்க வேண்டும்.

அப்பா பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் திதியன்று ஐயர் மந்திரம் சொல்லி முடித்ததும், படத்துக்கு முன்னால் தலை குனிந்து, நீங்கள் அன்று சொன்ன அந்த ஒரு வார்த்தையை வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். ஏதோ சுலோகம் என்று பக்கத்தில் நிற்கிறவர்களும் கை கூப்பிக்கொள்கிறார்கள், அக்கா.