இருபத்து மூன்று கிணறுகளும் ஒரே எண்ணும்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதலில் குழாயைத் திறந்து பார்த்தேன். காற்று மட்டும் வந்தது. தாரவாவில் இன்று தண்ணீர் விடும் நாள் இல்லை என்று தெரிந்தேதான் திறந்தேன். தொட்டியில் ஒரு வாளி மொண்டு முகம் கழுவிவிட்டு அட்டவணை முன் உட்கார்ந்தேன்.

ஓனோதோவா தீவில் நான் பிறந்த ஊரின் அட்டவணை. இருபத்து மூன்று வீடுகள், வீட்டுக்கொரு கிணறு. மூன்று வருடமாக மாதந்தோறும் தண்ணீரின் உப்பை மீட்டரில் அளந்து அனுப்பியிருக்கிறார்கள், ஒரு மாதம்கூட விடுபடவில்லை. மற்றத் தீவுகளின் அட்டவணைகளில் பாதிக் கட்டம் காலி. இந்த அளவைத் திட்டத்தை மதிப்பிடும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கும் லிட்டியா, தலைமை அலுவலகம் இருக்கும் சுவாவிலிருந்து தொலைபேசியில் பேசினாள்.

"உங்க ஊரு அட்டவணையைத்தான் முதல் பக்கத்துல வைக்கணும், ரோடியா. பயிற்சி குடுத்தா ஜனங்க செய்வாங்கங்கிறதுக்கு வேற என்ன சாட்சி வேணும்?"

சாட்சிதான். எதற்குச் சாட்சி என்பதுதான் தெரியவில்லை. காயலோரத்துக் கிணறும் தீவின் நடுவே இருக்கும் கிணறும் எப்படி ஒரே எண்ணைக் காட்டும்? எல்லாமே ஆயிரத்து ஐந்நூறுக்கும் ஆயிரத்து எழுநூறுக்கும் நடுவில். இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டினால் குடிக்க ஆகாது. இதன்படி எங்கள் ஊரில் ஒருவருக்கும் குறையில்லை.

நன்கொடை தருகிறவர்கள் ஆறு மழைநீர்த் தொட்டிகள் அனுப்பப்போகிறார்கள். மிக மோசமான ஆறு கிணறுகள் எவை என்று இந்த அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். எண்ணெல்லாம் ஒன்றாக இருந்தால்? பாதைக்கு எந்த வீடு பக்கமோ அதற்குப் போகும்.

தம்பி அந்த ஊரில்தான் இருக்கிறான் என்று லிட்டியாவிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு, சாப்பாட்டுக்குக் கவலையில்ல" என்றாள். இந்த நாட்டில் சொந்தக்காரர் இல்லாத ஊராகப் பார்த்து மதிப்பிடுவதென்றால் நடுக்கடலுக்குத்தான் போக வேண்டும்.

மார்ச் 5, புதன்

மீட்டருக்குப் புது பேட்டரி. தம்பி வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி. விமானச் சீட்டு அலுவலகத்தில் மூட்டையை எடை போட்டவன், என்னையும் எடை போட்டுவிட்டுச் சிரித்தான்.

மார்ச் 6, வியாழன்

விமானத் திடலுக்குத் தாபேயா அக்கா மோட்டார் சைக்கிளில் வந்திருந்தாள். ஊர் முறையில்தான் அக்கா. ஊரின் கிணறுகளை அளக்கிறவள் இவள்தான். நாலு வருடம் முன்பு மனேயபாவில், ஊர் கூடும் அந்தப் பெரிய கூரைக்கடியில், நான் பயிற்சி கொடுத்த பதினோரு பேரில் இவள் ஒருத்திதான் இன்னும் அளக்கிறாள்.

"இளைச்சுட்ட. தாரவாவுல சோறு போடுறதில்லையா?"

"நீ மட்டும் என்னவாம், அக்கா? வண்டி உன்னைச் சுமக்கமாட்டேங்குது."

வழியெல்லாம் அட்டவணையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் பேசவில்லை. தம்பி பவுரோ வீட்டில் மீனும் ஈரப்பலாவும். குடிக்கப் பதநீர் கொடுத்தார்கள். யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. அதைக் கவனித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

பன்னிரண்டு கிணறுகளை அளந்தேன். தாபேயா கூடவே வந்தாள். அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: கிணற்றடியில் நின்று எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

முதல் கிணறு 640. மூன்றாவது 2,980. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தென்னையைப் பார்த்தாள்.

மதியம் ஒரு தாழைமர நிழலில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன். "நீ அளக்கவே இல்லையா, அக்கா?"

கோபம் வந்துவிட்டது. "அளக்காமலா? மாசாமாசம், இருபத்து மூணும், இந்தக் காலால நடந்து. மழையிலகூட விட்டதில்ல."

"அப்போ இந்த எண்ணெல்லாம்?"

"நீதானே சொல்லிக்குடுத்த, மூணு தடவை எடுத்து, கூட்டி, மூணால வகுக்கணும்னு."

"அது ஒரே கிணத்துக்கு."

"தெரியும். நல்ல கணக்கா இருந்துச்சு. அதையே ஊருக்கும் போட்டேன், இருபத்து மூணையும் கூட்டி, இருபத்து மூணால வகுத்து." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வலை வந்தா மீனை எப்படிப் பங்கு வைக்கிறோம்? உனக்குப் பெருசு எனக்குச் சிறுசுன்னா வைக்கிறோம்? ஒரு வீட்டை மட்டும் மோசம்னு காயிதத்துல எழுதி ஊரைத் தாண்டி அனுப்பச் சொல்ற. நான் இங்கதான் இருக்கணும், ரோடியா. நீ விமானம் ஏறிடுவ."

எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று அங்கங்கே ஐம்பது நூறு கூட்டிக் குறைத்தும் இருக்கிறாள்.

"உண்மையான எண்ணெல்லாம் எங்க வச்சிருக்க?"

"மணல்ல எழுதிக் கூட்டுவேன். முடிஞ்சதும் காலால அழிச்சிடுவேன்."

மூன்று வருடம். முப்பத்தாறு மாதம். மணலில்.

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. எனக்கே தோன்றியிருக்க வேண்டும்—பயிற்சியில் எல்லாம் சொன்னேன், மீட்டரைக் கழுவுவது, நிழலில் வைப்பது, தேதி போடுவது. எண்ணை எழுதுவது ஒரு வீட்டைப் பற்றிப் பேசுவது என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? நானும் இந்த ஊர்க்காரிதானே.

கடைசியாக, தெக்கினேனே என்பவளின் வீடு. காயலோரம். மூன்று சின்னப் பிள்ளைகள், ஒன்றுக்கு எப்போதும் வயிற்றுப்போக்கு. 4,120. நான் எண்ணைச் சொல்லவில்லை. அவளே சொன்னாள்: "என் கிணத்தை மட்டும் கெட்டதுன்னு எழுதிடாத. என் மாமியார் தோண்டினது. அவங்க இன்னும் உயிரோட இருக்காங்க."

"தொட்டி வரும், தெக்கினேனே."

"தொட்டி வரும். வந்து நின்னு, இந்த வீடுதான் அந்த வீடுன்னு நாள் பூராச் சொல்லிக்கிட்டே இருக்கும்."

மார்ச் 8, சனி

மீதிப் பதினொன்றும் முடிந்தது. இருபத்து மூன்றையும் கூட்டி வகுத்தேன்: 1,610. தாபேயாவின் பிப்ரவரி சராசரி 1,590. அளப்பதில் அவளிடம் ஒரு பிழையும் இல்லை. அட்டவணை முழுக்கப் பொய். இரண்டும் உண்மை. மதிப்பீட்டுப் படிவத்தில் இதற்கு ஒரே கட்டம்தான் இருக்கிறது.

வரிசைப்படுத்தினேன். தெக்கினேனே முதலில். ஆறாவது, 2,760, தம்பி பவுரோ. ஏழாவது, 2,690, தாபேயா அக்கா.

நாலு முறை சரிபார்த்தேன். மீட்டரைக் கழுவிவிட்டு ஐந்தாவது முறை.

பவுரோவிடம் சொன்னேன். மீன் அறுத்துக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

"எங்க வீட்டை எடுத்துடுக்கா."

"குடிக்க ஆகாதுடா அந்தத் தண்ணி."

"குடிச்சிட்டுத்தான இருக்கோம். அக்கா வந்தா, அளந்தா, தம்பிக்குத் தொட்டி வந்துச்சுன்னு பேசுவாங்க. என் பசங்க பள்ளிக்கூடத்துல கேக்கணுமா அதை?"

மார்ச் 9, ஞாயிறு

வேலை இல்லாத நாள். தேவாலயத்தில் ஆராதனை முடிந்து எல்லோரும் மனேயபாவில் உட்கார்ந்தார்கள், அவரவர் குடும்பத்து இடத்தில். பேச அனுமதி கேட்டேன். இனி உண்மையான எண்களைத்தான் அனுப்ப முடியும், வீடு வீடாக, இல்லையென்றால் தொட்டி தவறான வீட்டுக்குப் போகும் என்றேன். தாபேயாவின் பெயரை எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இல்லை. யார் கிணறு எப்படி என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைச் சொல்வதுதான் வழக்கமில்லை.

ஒரு குழந்தை இருமியது. பிறகு, ஆராதனை நடத்திய உபதேசியார் வாயைத் திறந்தார்.

"என் வீட்டுத் தேநீர்ல உப்புப் போட வேண்டியதில்ல. அவ்வளவுதான் சொல்வேன்."

பக்கத்திலிருந்து ஒருவர்: "உங்களுக்காவது தேநீர். எங்க கிணத்துல வலை போடலாம்."

"வலையா? எங்களுதுல போன வாரம் சுறா வந்துச்சு."

சிரிப்பு பரவிவிட்டது. யார் கிணறு அதிக மோசம் என்று போட்டியே நடந்தது. கடைசியில் பெண்கள் பக்கத்திலிருந்து தெக்கினேனே எழுந்தாள், பிள்ளையை இடுப்பில் வைத்தபடி.

"எல்லாரும் சும்மா அளக்குறாங்க. ரோடியாகிட்ட காயிதம் இருக்கு, கேட்டுப் பாருங்க. என்னோடதுதான் முதல். நான் யாருக்கும் விட்டுக்குடுக்கமாட்டேன்."

அவள் மாமியார்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

பவுரோ சிரிக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

விமானம் வரவில்லை. ஏதோ பாகம் பழுதாம். வியாழன்தான்.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் பிரதியெடுத்தபோது பவுரோ வீட்டுக்கு எதிரில் 2,360 என்று எழுதினேன். 2,760-க்குப் பதில். தப்பாக எழுதிவிட்டேன் என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. வேண்டுமென்றுதான். அவன் கேட்டான். ஊர் பேசும். அவன் போனால் தாபேயா ஆறாவது, அவளுக்கும் குடிக்க ஆகாத தண்ணீர்தான், யாருக்கும் கெடுதல் இல்லை—எவ்வளவு வேகமாக வருகின்றன காரணங்கள்.

மாலையில் தாபேயா பதநீர்ப் பாகு கொண்டுவந்தாள். தாளை எடுத்துப் பார்த்தாள். அவளுக்கு எண்களெல்லாம் மனப்பாடம்.

"பவுரோ கிணறு எப்போ இனிச்சுது?"

தாளை வாங்கக் கை நீட்டினேன்.

"நான் மூணு வருஷமாச் செஞ்சதை நீ ஒரே நாள்ல கத்துக்கிட்டியே." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "இப்படி எனக்குத் தொட்டி வந்தா, நான் அதுல ஒரு குவளைகூடக் குடிக்கமாட்டேன். மணல்னா அழிச்சிருக்கலாம். இது காயிதம்."

"அவன்தான் கேட்டான், அக்கா."

"எங்கிட்டயும்தான் கேட்டாங்க. ஒவ்வொரு வீடும். வாயால கேக்கல, அவ்வளவுதான்."

பாகுப் போத்தலை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 13, வியாழன்

விமானம் வந்தது. விமானத் திடலுக்கு பவுரோ வந்தான். தொட்டி பற்றிப் பேச்சில்லை. சுட்ட மீன் ஒரு பொட்டலம் கொடுத்தான். அந்தத் தாள் என் பையில் 2,360 என்றே இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

லிட்டியா காலையில் கூப்பிட்டாள். கிணற்றுக்குக் கிணறு எண் வேறு என்று சொன்னதும், முதல் பக்கத்தை மாற்ற வேண்டும் என்றாள். பிறகு, அது பரவாயில்லை, திருத்தப்பட்ட தரவு என்று போட்டுக்கொள்ளலாம் என்றாள். "தொட்டி போற ஆறு வீட்டுப் பட்டியல்ல உன் சொந்தக்காரங்க யாரும் இல்லைல்ல? இருந்தா நான் வேற ஆளை அனுப்பி மறுபடி அளக்கணும், ரெண்டு மாசம் போயிடும். மிச்சம் மூணு தீவு வேலையும் உன்கிட்ட இருக்காது. விதி அப்படி." கேள்வி மாதிரிக் கேட்டாள். இல்லை என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அறிக்கைல எழுதுறேன்" என்றேன்.

பகல் முழுக்க மேசையில் இருந்தேன். யாரோ ஒரு வெளியாள் வந்து அந்த மீட்டரைப் பவுரோ கிணற்றில் இறக்கட்டும். நான் சொன்னால் தம்பிக்காகச் சொன்னதாகும். அவர் சொன்னால் அது எண். தெக்கினேனே இன்னும் இரண்டு மாதம் அதே தண்ணீரைக் குடிப்பாள்—இதை நான் மறைக்கக் கூடாது, என்னிடமும்கூட. அதற்குள் 640 காட்டிய அந்த முதல் கிணற்றிலிருந்து அவளுக்கு எடுத்துக்கொடுக்க முடியுமா என்று தாபேயாவைக் கேட்க வேண்டும். கேட்டால் மறுக்கமாட்டார்கள். கேட்காமலேயே நடந்துகொண்டும் இருக்கலாம்.

படிவத்தில் ஐந்துக்கு மதிப்பெண் போட வேண்டும்: அட்டவணைக்கு ஒன்று. அளந்தவளுக்கு ஐந்து. ஒரே கட்டத்தில் இரண்டு எண்ணையும் எழுதினேன், கட்டம் போதவில்லை. பயிற்சி கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

பிறகு 2,360-ஐ அடித்து 2,760 என்று எழுதினேன். அடித்தது தெரியும்படியே விட்டேன். பக்கத்தில் "என் தம்பி வீடு. மறுபடி அளக்கவும்" என்று எழுதப்போகிறேன். பவுரோவிடம் சொல்லவில்லை. லிட்டியாவிடமும் இல்லை. திங்கட்கிழமை அனுப்புவேன்.