மகிழினிக்கு வைத்த பெயர்

கொருக்குப்பேட்டை
12.7.1999

என் பிரியமான செல்லக்கனிக்கு,

ஓசூர்க் குளிர் உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் ஒத்துக்கொண்டதா? நீ போய் இரண்டு மாதமாகிறது, ஒரு கார்டு கூட இல்லை. உன் சித்தப்பாவிடம் சொல்லி இந்த டீச்சர் வேலையை வாங்கிக் கொடுத்தவள், வேலை எப்படி இருக்கிறது என்று கேட்கவாவது வேண்டாமா?

நானே சொல்கிறேன். பிள்ளைகளின் கக்கூஸில் தண்ணீர் இல்லை. மணலி ரிஃபைனரிப் பக்கமிருந்து காற்று அடித்தால் வகுப்பு முழுக்க அழுகிய முட்டை வாடை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மனம் வருவதில்லை. கரஸ்பாண்டென்ட் சித்தப்பா மட்டும் ஊதுவத்தி ஏற்றிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நீ யு.கே.ஜி.யில் வைத்திருந்த பிள்ளைகள் எல்லாரும் இப்போது ஒன்றாம் வகுப்பில் என்னிடம்தான். ரைமிங் வேர்ட்ஸில் புலிகளாக இருக்கிறார்கள். ஹென் என்றால் பென், டென், மென் என்று மூச்சு விடாமல் அடுக்குகிறார்கள். ஆனால் அர்த்தம் ஒருவருக்கும் தெரியவில்லை. மென் என்றால் என்ன என்று கேட்டேன். நன்றாக மென்று தின்பது என்றான் ஒருவன்.

ஒன்று கேட்க வேண்டும். இங்க் என்றால் எழுதுகிற மாதிரி சைகை காட்டுகிறார்கள். பிங்க் என்றால் ரிப்பனைத் தொடுகிறார்கள், ட்ரிங்க் என்றால் டம்ளர் பிடிக்கிறார்கள். அடுத்தது ஸ்டிங்க். அப்போது நாற்பது பிள்ளைகளும் மூக்கைப் பொத்திக்கொண்டு மகிழினி பக்கம் திரும்புகிறார்கள். வியாசர்பாடியிலிருந்து வருமே, ரெட்டைச் சடை போட்ட சின்னப் பெண், அது. எழுந்து நின்று சிரித்துக்கொண்டே வணக்கம் வைக்கிறது. அது நின்ற அழகைப் பார்த்து முதல் நாள் நானும் சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. நாறுகிறது என்று சொல்லிக் குழந்தையைக் காட்டும் இந்த அசிங்கத்தை யார் பழக்கினார்கள்? உனக்குத் தெரியுமா?

உன் அன்புத் தோழி,
சிவந்தி


ஓசூர்
21.7.1999

அன்புள்ள சிவந்திக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். வீடு மாறிய அலைச்சலில் எழுத முடியவில்லை, கோபிக்காதே. இங்கே காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வாசல் தெளிக்க முடியாது. பக்கத்திலேயே ரோஜாத் தோட்டம். மூக்குக்கு இப்போதுதான் விடுதலை.

நீ கேட்டதற்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான்தான்டி பழக்கினேன். ஒரு சொல் மனதில் நிற்க வேண்டுமானால் கூடவே ஒரு சைகை வேண்டும் என்று நமக்கு டிரெயினிங்கில் சொல்லிக் கொடுத்தார்களே. ஸ்டிங்க் என்பதற்கு எதையாவது காட்டியாக வேண்டும். அந்தப் பெண்ணின் அம்மா கன்னியம்மா சாக்கடை வாருகிற வேலை பார்க்கிறாள். பிறகு யாரைக் காட்டுவது? நகைக்கடைக்காரர் மகளைக் காட்ட முடியுமா? இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரியே ரசித்துப் பார்த்தார். குழந்தைக்கும் அதில் வருத்தம் கிடையாது. தன் முறை எப்போது வரும் என்று காத்திருக்கும்.

நீ எதையும் நோண்டிக்கொண்டே இருப்பாய், அது உன் சுபாவம். ஊர்ப்பக்கம் யாராவது வந்தால் காசிமேட்டு நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ கொடுத்தனுப்பு. இங்கே கிடைப்பது வாயில் வைக்க விளங்கவில்லை.

அன்புடன்,
செல்லக்கனி


கொருக்குப்பேட்டை
8.8.1999

அன்புள்ள செல்லக்கனிக்கு,

உன் கடிதத்தை ஒரு முறைதான் படித்தேன். இன்னொரு முறை பிரிக்கக் கை வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை கன்னியம்மா பள்ளிக்கு வந்திருந்தாள். தலைக்குக் குளித்து, பூ வைத்து, துவைத்த புடவை கட்டிக்கொண்டு, கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். நான் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. மகள் நன்றாகப் படிக்கிறாளா என்று விசாரித்துவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டாள்.

"டீச்சர், எம் பொண்ண எல்லாரும் இஸ்டிங்க்கு இஸ்டிங்க்குன்னு கூப்புட்றாங்கோ. சோக்கா கீதேன்னு வூட்லயும் நாங்க அப்டித்தான் கூப்டுகினு கீறோம். அதுக்கு இன்னா அர்த்தம்?"

வீட்டிலும். பெற்றவளே. உண்மையைச் சொல்ல வாய் வராமல், வாசனை என்று சொல்லிவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. அதே சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அதன் பிறகு மகிழினியைப் பக்கத்தில் அழைத்து உட்கார வைத்தேன். தேங்காயெண்ணெயும் சந்தன சோப்பும் மணக்கிற குழந்தை. நம் வகுப்பில் அவ்வளவு சுத்தமாக வருகிறவர்கள் நாலு பேர் தேற மாட்டார்கள். அவளிடம் எந்த நாற்றத்தை நீ கண்டாய்? யோசித்தால் உன் மேலும் என் மேலும் அருவருப்பாக இருக்கிறது.

வகுப்பில் அந்தச் சொல்லை நிறுத்திவிட்டேன். உன் சித்தப்பா விடவில்லை. அக்டோபர் ஆண்டு விழாவில் மேடையில் அதே ரைமிங் வேர்ட்ஸ் வேண்டுமாம், மூக்கைப் பொத்துவதோடு சேர்த்து. பெற்றோர் கைதட்டுகிற ஐட்டமாம் அது. நான் சொன்னால் கேட்கவில்லை. நீ சொன்னால் கேட்பார். தொடங்கியவள் நீ, ஒரு வரி எழுதிப் போடு. அந்த மேடையில் கன்னியம்மாவின் முன்னால் அது நடக்கக் கூடாது. இதைத் தவிர உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

சிவந்தி


ஓசூர்
19.8.1999

சிவந்திக்கு,

ஒரு சொல்லுக்கு இத்தனை பக்கமா? நான் எழுதினால், நானே தப்புச் செய்ததாக ஒப்புக்கொண்டது போல் ஆகாதா? சித்தப்பா என்னைப் பற்றி என்ன நினைப்பார்?

வாசனை என்று நீயே அழகாகச் சொல்லி அனுப்பிவிட்டாய். அப்படியே விட்டுவிடு. அந்த அம்மாவுக்கு வேறு யார் வந்து அர்த்தம் சொல்லப் போகிறார்கள்? சந்தோஷமாகத்தானே போனாள். அதை ஏன் கெடுக்கிறாய்?

என் மேல் அருவருப்பு என்று எழுதியிருக்கிறாய். முதல் நாள் நீயும்தானே சிரித்தாய்? நீ எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. வேலை நிலைக்க வேண்டுமானால் சித்தப்பாவிடம் வாய் கொடுக்காதே. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

செல்லக்கனி


திருவொற்றியூர்
14.10.1999

செல்லக்கனிக்கு,

வேலை போய்விட்டது. நீ வேறு யார் மூலமாவது கேள்விப்படுவதற்கு முன் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடி ஹவுஸிங் போர்டில் கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். சேர் போட்டு உட்கார வைத்து, கலர் சோடா வாங்கி வரச் சொன்னாள். மகிழினி புது டிபன் பாக்ஸை எடுத்து வந்து காட்டியது. மூடியில் ஸ்டிங்க் என்று இங்கிலீஷில் பெயர் வெட்டியிருந்தது. குழந்தை தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து அப்படியே வெட்டியிருக்கிறான் பாத்திரக்கடைக்காரன். அவனுக்குப் படிக்கத் தெரியாதா? கூலியை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். கலரை என்னால் குடிக்க முடியவில்லை.

குழந்தையை வெளியே விளையாட அனுப்பச் சொல்லிவிட்டு அர்த்தத்தையும் வகுப்பில் நடந்ததையும் சொன்னேன். நாத்தமா என்று கன்னியம்மா ஒரு தரம் கேட்டாள். ஆமாம் என்றேன்.

"வேல முடிஞ்சி வந்து ரெண்டு தபா குளிச்சிட்டுத்தான் டீச்சர் அதத் தூக்குவேன்" என்றாள்.

பிறகு, நீங்களும் சிரித்தீர்களா என்று கேட்டாள். சிரித்தேன் என்றேன். பொய் சொல்லியனுப்பியதும் நான்தான் என்றேன். அவள் எழுந்து போய் மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்து என் முன்னால் வைத்தாள். பள்ளியில் நடந்ததை எல்லாம் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். எழுதினேன்.

மறுநாள் காலையில் பிரேயர் நேரத்தில் அவளும் அவளோடு வேலை பார்க்கிற பெண்கள் ஏழெட்டுப் பேரும் வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அந்தத் தாளை உன் சித்தப்பாவிடம் நீட்டி, பிள்ளைகள் முன்னால் படிக்கச் சொன்னார்கள். மறுத்துப் பார்த்தார், வாட்ச்மேனைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவர்கள் நகரவில்லை. கடைசியில் படித்தார். கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டுதான் படித்தார். அந்தச் சொல்லை ஆண்டு விழாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்று மதியமே என்னையும் அனுப்பிவிட்டார்கள். மகிழினியைக் கன்னியம்மா கார்ப்பரேஷன் பள்ளியில் சேர்த்துவிட்டாள்.

நேற்று தண்டையார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் இருவரையும் பார்த்தேன். குழந்தை என்னைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு ஓடி வரப் பார்த்தது. கன்னியம்மா விடவில்லை. என்னைப் பார்த்தாள், பேசாமல் பஸ் ஏறிப் போனாள். பேசியிருந்தால்தான் எனக்குத் தாங்கியிருக்காது.

அந்தத் தாளில் யார் செய்தது என்று எழுத வேண்டியிருந்தது. முதலில் உன் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே என் பெயர். இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கூசியது. என் பெயரை என்னால் விட முடியாது. உன்னை விட்டுவிட முடியும்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

சிவந்தி